சும்மா இருந்தால் சலுகை!

ஆடி மாதம் தி.நகர் பக்கம் போனால் ஒரு காட்சி பார்க்கலாம். '50 சதவிகிதம் தள்ளுபடி' என்று ஆளுயர எழுத்தில் போர்டு. அதன் காலடியில் எறும்பு சைஸில் ஒரு நட்சத்திரக் குறி. நம் வீட்டுப் பெண்களிடம் அந்த நட்சத்திரம் பலிக்காது. சேலையை உதறி, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, "போன மாசம் இதே சேலை என்ன விலைனு எனக்குத் தெரியாதா?" என்று ஒரு போடு போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

அதே வீட்டுக்கு கார் இன்ஷூரன்ஸ் ரினியூவல் நோட்டீஸ் வருகிறது. அதிலும் '50 சதவிகிதம்' இருக்கிறது. நோ க்ளெய்ம் போனஸ்! செல்லமாக என்.சி.பி. இதை மட்டும் யாரும் உதறிப் பார்ப்பதில்லை. "பரவாயில்லையே, பாதி குறைச்சிருக்கான்!" என்று பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கொஞ்சம் உதறித்தான் பார்ப்போமே!

முதலில் அந்தப் பெயர். போனஸ் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தீபாவளிக்கு முன்னால் கையில் வந்து விழுகிற காசு. இதில் ஒரு நயா பைசா உங்கள் கைக்கு வராது. நீங்கள் கட்டவேண்டிய தொகையில் ஒரு பகுதியைக் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதிலும் 'ஒரு பகுதி' என்ற வார்த்தைக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கார் பாலிசியில் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று, தேர்டு பார்ட்டி. உங்கள் கார் இடித்து இன்னொருவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. சட்டப்படி இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே முடியாது. இன்னொன்று, ஓன் டேமேஜ். உங்கள் காருக்கே ஏதாவது ஆனால் கிடைப்பது. தேர்டு பார்ட்டிக்கான தொகையை அரசாங்கம் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சி.சி. வரையிலான கார்களுக்கு 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416, அதற்கும் மேல் 7,897. இதில் போனஸும் கிடையாது, மைனஸும் கிடையாது. 50 சதவிகிதம் என்பதெல்லாம் ஓன் டேமேஜ் கணக்கில் மட்டும்தான். 'மொத்த பிரீமியத்தில் பாதி' என்று நினைத்திருந்தால், இந்த இடத்திலேயே கொஞ்சம் காற்று இறங்கிவிடும்.

அடுத்து, விளையாட்டின் விதிகள்.

சின்ன வயதில் பரமபதம் ஆடியிருப்பீர்கள். இதுவும் அதேதான். ஒரு வருடம் முழுக்க க்ளெய்ம் இல்லையா? அடுத்த ரினியூவலில் 20 சதவிகிதம் குறையும். தொடர்ந்து இரண்டு வருடம் என்றால் 25. மூன்று வருடத்துக்கு 35. நான்குக்கு 45. ஐந்துக்கு 50. அதோடு ஏணி முடிந்தது. பதினைந்து வருடம் பொத்திப் பொத்தி ஓட்டினாலும் 50-க்கு மேல் ஒரு படி கிடையாது. 2002-ம் வருட இந்திய மோட்டார் டாரிஃப் போட்டுக்கொடுத்த ஏணி இது.

ஏணிக்கு ஐந்து படி. பாம்பு மட்டும் ஒன்றே ஒன்று. ஆனால், அது ஒவ்வொரு படியிலும் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு க்ளெய்ம்... நேராகப் பூஜ்யம்! ஐந்து வருடம் ஏறியவரும் பூஜ்யம்தான், ஒரு வருடம் ஏறியவரும் பூஜ்யம்தான். மூவாயிரம் ரூபாய்க்கு க்ளெய்ம் செய்தாலும் பூஜ்யம், மூன்று லட்சத்துக்குச் செய்தாலும் பூஜ்யம்.

பி.காம். படித்த பழக்கதோஷம்... இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காருக்கு, தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 50 சதவிகிதப் படியில் இருக்கிறீர்கள். கட்டுவது 6,000. ஒரு நாள், பார்க்கிங்கில் தூண் இருந்ததைக் கவனிக்காமல் ரிவர்ஸ் எடுத்ததில் பம்பர் உடைந்தது. பில் 9,000. பம்பருக்கு 5,000, பெயின்ட்டிங், கூலி எல்லாம் சேர்த்து 4,000. ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர் சிரித்தபடி சொல்வார்: "இன்ஷூரன்ஸ் இருக்குல்ல சார், க்ளெய்ம் போட்டுடலாம்."

போடுங்கள். என்ன வரும்? பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். ஆக, 2,500 போச்சு. அதன் பிறகு, எந்த க்ளெய்மாக இருந்தாலும் நீங்கள் ஏற்கவேண்டிய கட்டாயப் பங்கு ஒன்று உண்டு. 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சின்ன கார் என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொரு 1,000 போச்சு. மிச்சம் 5,500. பெயின்ட்டுக்கும் கொஞ்சம் தேய்மானம் கழிப்பார்கள் என்பதால் அதையும் தொடாது.

இப்போது பாம்புக் கடியின் கணக்கு. அடுத்த வருடம் நீங்கள் 6,000-க்குப் பதிலாக முழு 12,000 கட்டவேண்டும். கூடுதல் 6,000. அதற்கடுத்த வருடம் 20 சதவிகிதம் கழித்து 9,600. கூடுதல் 3,600. பிறகு 9,000, கூடுதல் 3,000. பிறகு 7,800, கூடுதல் 1,800. பிறகு 6,600, கூடுதல் 600. ஆறாவது வருடம்தான் பழைய படிக்கு வந்து சேர்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள். 15,000 ரூபாய்! அதன் தலையில் 18 சதவிகித ஜி.எஸ்.டி. ஏறினால் 17,700.

ஐயாயிரத்துச் சொச்சம் வாங்குவதற்குப் பதினேழாயிரத்துச் சொச்சம் கொடுக்கிறோம். காருக்கு வயதாக ஆக அதன் மதிப்பு இறங்கும், அடிப்படை பிரீமியமும் இறங்கும், ஆகவே நிஜத்தில் இந்தத் தொகை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். 50 சதவிகிதப் படியில் இருப்பவருக்கு ஒரு க்ளெய்மின் விலை, தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தைப்போல ஒன்றேகால் மடங்கு. 20 சதவிகிதப் படியில் இருப்பவருக்கு முக்கால் மடங்கைவிடக் கொஞ்சம் அதிகம். புது கார் வாங்கிய முதல் வருடத்திலேயே க்ளெய்ம் செய்பவருக்கு அரை மடங்கு. கைக்கு வரப்போகும் தொகை இதைவிடக் கணிசமாக அதிகம் என்றால் மட்டும் க்ளெய்ம் போடுங்கள். இல்லையென்றால் டிங்கரிங் கடைக்காரரிடம் பேரம் பேசுவதே புத்திசாலித்தனம்.

'கணக்குத்தான் சொல்லிவிட்டாயே, அப்புறம் என்ன கோபம்?' என்கிறீர்களா? கோபம் இந்தக் கணக்கில் இல்லை. இதற்கு அவர்கள் சொல்லும் நியாயத்தில் இருக்கிறது. 'ஒழுங்காக, கவனமாக ஓட்டுபவர்களுக்குப் பரிசு' என்று விளம்பரம் செய்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது எத்தனை கார்கள் அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் நின்ற இடத்திலேயே மூழ்கின! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதை. அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் எந்த சிக்னலைத் தாண்டினார்கள்? வீட்டுக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். க்ளெய்ம் செய்தார்கள். போனஸ் விதி அவர்களிடம் 'தவறு யாருடையது?' என்று கேட்கவில்லை. அந்த விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. ரோட்டோரம் நிறுத்திய கார்மேல் மரம் விழுந்தாலும் இதே கதிதான்.

இன்னொருவரைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூற்றிருபதில் பறப்பவர். மாதம் ஒரு தரம் எவர் வண்டியையாவது உரசுவார். அங்கேயே நின்று கத்திக் கூச்சல் போட்டு, நாலு நோட்டை நீட்டி விஷயத்தை முடிப்பார். கம்பெனிக்குக் காகிதம் போகாது. ஐந்து வருடம் கழித்து அவருக்கு 50 சதவிகிதம்! 'கவனமான டிரைவர்' பட்டம்!

இந்த போனஸ் நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை அளப்பதே இல்லை. எவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள் என்பதைத்தான் அளக்கிறது. சும்மா இருந்தால் சலுகை. வாயைத் திறந்தால் அபராதம்.

கொடுமை என்னவென்றால், மோசமாக ஓட்டுபவரால் உண்மையில் அடிபடுவது மற்றவர்கள். நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், டூ வீலரில் பிள்ளையை ஸ்கூலுக்கு அழைத்துப் போகிறவர். அதற்கான கணக்கு தேர்டு பார்ட்டி. அங்கேதான் நல்ல டிரைவருக்கும் மோசமான டிரைவருக்கும் வித்தியாசம் காட்டியிருக்கவேண்டும். காட்டவில்லை. சி.சி.யைப் பார்த்து ஒரே விலை. போக்குவரத்து விதி மீறல்களை பிரீமியத்தோடு கோக்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு ஒன்று பரிந்துரைத்து, அந்த அறிக்கை 2021 ஜனவரியில் மக்களின் கருத்துக்காக வெளியானது. சரியான திசை அது. ஆனால், நாம் இங்கே இன்னமும் பம்பரையும் முகப்புக் கண்ணாடியையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக்கூடாது. ஒவ்வொரு கீறலுக்கும் க்ளெய்ம் வந்தால், சர்வேயர் செலவு, ஆபீஸ் செலவு எல்லாம் ஏறும். அது கடைசியில் எல்லோருடைய பிரீமியத்திலும்தான் விடியும். சின்னச் செலவை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், பெரிய அடிக்கு இன்ஷூரன்ஸ் கை கொடுக்கட்டும் என்பது நல்ல கொள்கை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதற்குத்தான் ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயப் பங்கு என்று ஒன்றை ஏற்கெனவே பிடிக்கிறார்களே! போதவில்லை என்றால் அதை உயர்த்தட்டும். விரும்பியவர்கள் தங்கள் பங்கை அதிகமாக வைத்துக்கொண்டு பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 'முதல் ஐயாயிரம் உன் பாடு' என்று முகத்துக்கு நேரே சொல்வது நேர்மை. 'உனக்கு எல்லாம் உண்டு' என்று விற்றுவிட்டு, கேட்டால் ஐந்து வருடத்துக்கு வசூலிப்பது என்ன கணக்கு?

வேறு மாதிரி செய்யவே முடியாதா? நம்மவர்கள் நிறைய பேர் கார் ஓட்டுகிற ஊர்களையே பார்ப்போம். சிங்கப்பூரிலும் போனஸ் உச்சவரம்பு 50 சதவிகிதம்தான். ஆனால், அந்தப் படியில் இருப்பவர் ஒரு க்ளெய்ம் செய்தால் 20-க்கு இறங்குவார். 40-ல் இருப்பவர் 10-க்கு. நீண்ட நாள் ஒழுங்காக இருந்ததற்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சுகிறது. மலேசியாவில் ஒரு க்ளெய்ம் செய்தால் நம் ஊர் மாதிரி பூஜ்யம்தான். ஆனால், தவறு எதிராளியுடையது என்றால், சொந்த கம்பெனியிலேயே க்ளெய்ம் வாங்கிக்கொண்டு போனஸையும் காப்பாற்றிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. தவறு யாருடையது என்று கேட்கும் நாகரிகம் அங்கே இருக்கிறது. இங்கே?

இங்கே அதற்கும் ஒரு கடை விரித்திருக்கிறார்கள். 'என்.சி.பி. புரொடெக்‌ஷன்' என்று ஒரு கூடுதல் கவர். தனியாகப் பணம் கட்டினால், க்ளெய்ம் செய்தாலும் உங்கள் போனஸ் விழாது. அதற்கும் 'வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம் வரை' என்று ஒரு நட்சத்திரக் குறி! காருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தோம். அதைப் பயன்படுத்தினால் தண்டனை. அந்தத் தண்டனைக்கு ஒரு இன்ஷூரன்ஸ். கொசுவலைக்கு ஒரு கொசுவலை!

இது போதாதென்று, முறைப்படி உங்களுக்குச் சேரவேண்டிய தள்ளுபடியும் கைநழுவிப் போகிறது. யாரும் சொல்லித்தராததால்.

போனஸ் உங்களுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. பழைய காரை விற்கும்போது, விற்றதற்கான காகிதங்களைக் காட்டி, உங்கள் கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் ஒன்று கேட்டு வாங்கலாம். மூன்று வருடத்துக்குள் புது கார் வாங்கினால் அந்தத் தள்ளுபடி அதற்குப் பொருந்தும். புது காரின் ஓன் டேமேஜ் பிரீமியம்தான் அதன் வாழ்நாளிலேயே பெரியது. அது 20,000 என்றால், 50 சதவிகிதக் கடிதத்தின் மதிப்பு 10,000 ரூபாய்! ஷோரூமில் சாவியைப் பெரிய அட்டையாகச் செய்து போட்டோ எடுப்பார்கள், ஸ்வீட் கொடுப்பார்கள். "சார், பழைய காரோட என்.சி.பி. இருக்கா?" என்று மட்டும் பல இடங்களில் கேட்கமாட்டார்கள். நீங்கள்தான் கேட்கவேண்டும்.

பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்த போனஸ் அத்தனையும் ஆவியாகிவிடும். கார் சொந்தக்காரர் இறந்துபோய், வண்டி கணவன், மனைவி, பிள்ளைகள் அல்லது பெற்றோர் கைக்கு வந்தால், அந்த போனஸும் அவர்களுக்கு வரும். துக்க வீட்டில் இதை யார் ஞாபகப்படுத்துவார்கள்? வெளிநாட்டில் க்ளெய்ம் இல்லாமல் கார் ஓட்டிச் சேர்த்த போனஸுக்கும், அங்கே பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே பாலிசி எடுத்தால் மதிப்பு கொடுக்க டாரிஃபில் இடம் உண்டு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பியவர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்?

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விற்றவருடைய 50 சதவிகிதம் உங்களுக்கு வராது. ஆர்.சி.யை மாற்றியதோடு நிறுத்தாமல், 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்து, போனஸ் வித்தியாசத்தைக் கட்டிவிடுங்கள். 'பாலிசிதான் இன்னும் ஆறு மாசம் இருக்கே' என்று விட்டுவிட்டால், அடிபடும் நாளில் உங்கள் காருக்கு ஒரு ரூபாய் வராது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான ஒன்று... கம்பெனி மாற்றும்போது விண்ணப்பத்தில் 'போன வருடம் க்ளெய்ம் உண்டா?' என்று ஒரு கேள்வி வரும். "இல்லைனு போட்டுடலாம் சார், யார் பாக்கப்போறாங்க?" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ஆசைப்படாதீர்கள்! பிரீமியம் வாங்கும்போது யாரும் பார்க்கமாட்டார்கள். க்ளெய்ம் என்று போய் நிற்கும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். தப்பான தகவல் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பலன் மொத்தமும் பறிபோகலாம்.

பி.காம். வகுப்பில் இன்ஷூரன்ஸ் பாடத்தின் முதல் பக்கத்திலேயே 'அட்மோஸ்ட் குட் ஃபெய்த்' என்று வரும். மறைவு, ஒளிவு இல்லாத முழு நேர்மை. அது இரண்டு தரப்புக்கும் பொது. பொய் சொன்ன வாடிக்கையாளரை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால், 2002 டாரிஃப் கம்பெனிக்கும் ஒரு கடமை வைத்திருந்தது. புது வாடிக்கையாளர் சொன்ன போனஸ் சரிதானா என்று பழைய கம்பெனிக்கு 21 நாட்களுக்குள் கடிதம் எழுதிக் கேட்கவேண்டும். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்லவேண்டும். 'அதை ஏன் செய்யவில்லை?' என்று நுகர்வோர் மன்றங்கள் கம்பெனிகளைக் கேட்டிருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் கிடைக்கும் தகவலை, பணம் வாங்கும் அன்றைக்கே பார்த்துவிடலாமே! பிரீமியத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பணம் கொடுக்கவேண்டிய நாளில் மட்டும் துப்பறிவது எந்த ஊர் நேர்மை?

இன்னொரு விஷயம். 2007 ஜனவரி 1 முதல் ஓன் டேமேஜ் விலையை கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்கின்றன. ஒரு கம்பெனியின் 50 சதவிகிதமும் இன்னொரு கம்பெனியின் 50 சதவிகிதமும் ஒன்றல்ல. ஆகவே, சதவிகிதத்தைப் பார்க்காதீர்கள். அதே ஐ.டி.வி.க்கு, அதாவது காருக்குப் போட்டிருக்கும் அதே மதிப்புக்கு, நாலு இடத்தில் விலை கேட்டு கடைசி வரியில் இருக்கும் தொகையைப் பாருங்கள். சேலைக்கடையில் செய்வதுதான்.

ஒழுங்குமுறை ஆணையத்திடம் நான் கேட்பது மூன்றே மூன்று. ஒரு க்ளெய்முக்கு இரண்டு படி இறக்குங்கள், தரையில் தள்ளாதீர்கள். நிறுத்தியிருந்த கார், வெள்ளம், புயல், எதிராளியின் தவறு இவற்றுக்குப் படியே இறக்காதீர்கள். க்ளெய்ம் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, 'இந்த க்ளெய்மால் உங்களுக்கு வரும் தொகை இவ்வளவு, அடுத்த ஐந்து வருடத்தில் போகும் தொகை இவ்வளவு' என்று பெரிய எழுத்தில் அச்சடிக்க உத்தரவு போடுங்கள். சிகரெட் பெட்டியிலேயே எச்சரிக்கை போட வைத்த நாடு இது. இதற்கென்ன கஷ்டம்?

அதுவரை, வாசகர்களே... ரினியூவல் நோட்டீஸ் வந்ததும் அதை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். உதறிப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான்.